காலை எடுத்தால் அடங்க வேண்டும்: ஆக்சிலரேட்டர் பெடலின் வரலாறு சொல்வது

பெட்ரோல் காரைத் தம் கையாலேயே மின்காராக மாற்றுபவர்கள் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். ஆக்சிலரேட்டர் பெடலைப் பற்றிய முடிவோ பெரும்பாலும் கடைசியில், கையில் கிடைத்ததை வைத்து எடுக்கப்படுகிறது. ஓட்டுநரின் விருப்பத்தை மோட்டாருக்குச் சொல்லும் ஒரே உறுப்பு அதுதான் என்பதால் இந்த அலட்சியம் ஆபத்தானது. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த கார்களிலிருந்து, உடைத்து விற்கும் இடங்களில் மலிவாகக் கிடைக்கும் பெடலே இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது என்பது என் வாதம். மலிவு இதற்குக் காரணமல்ல. வண்டியை ஓட வைப்பது எளிது. ஓட்டுநர் காலை எடுத்த கணத்தில் வேகத்தை நிச்சயமாக விட்டுக்கொடுக்க வைப்பதுதான் கடினம். அந்தக் கடினமான பாதியைக் கார்த் தொழில் கற்றுக்கொள்ள ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆனது. அப்படிக் கற்றதெல்லாம் அந்தப் பழைய பெடலுக்குள் இருக்கிறது.

தொடக்கக் காலக் கார்களில் வேகத்தைக் கைதான் ஆண்டது. 1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு மாடல் டி காரில் மூன்று பெடல்கள் உண்டு. ஆனால் அவற்றில் எதுவும் ஆக்சிலரேட்டர் அல்ல. இடது பெடல் கியருக்கு, நடுவில் இருப்பது பின்னோக்கிச் செல்ல, வலது பெடல் பிரேக்குக்கு. வேகத்தைக் கூட்டக் குறைக்க ஸ்டீயரிங்குக்குக் கீழே வலப்பக்கம் ஒரு சிறு நெம்புகோல் இருந்தது. இடப்பக்கம் இருந்த இன்னொன்று எஞ்சினில் தீப்பொறி விழும் நேரத்தை மாற்றியது. வேக நெம்புகோலை எங்கே நகர்த்தி விட்டார்களோ அங்கேயே அது நின்றது. அதே காலத்தில் அமெரிக்காவில் ஓடிய டெட்ராய்ட் எலெக்ட்ரிக் போன்ற மின்கார்களிலும் கைநெம்புகோலே வேகத்தைப் படிப்படியாக மாற்றியது. ஓட்டுநர் திடுக்கிட்டாலும் மயங்கினாலும் இப்படிப்பட்ட நெம்புகோல் கடைசியாகச் சொன்ன வேகத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என்று இன்று நாம் அறிந்த வரிசை 1916-இல் வந்த காடிலாக் டைப் 53 காரில் அமைந்தது; 1922 முதல் ஆஸ்டின் செவன் அதைப் பிரிட்டனில் பரப்பியது. கையிலிருந்து காலுக்கு வந்த இந்த மாற்றத்தால் வசதி கூடியது உண்மை. அதைவிடப் பெரிய விளைவு, ஓட்டுநரின் தொடர்ந்த சம்மதம் இல்லாமல் வேகம் நீடிக்காத நிலை உருவானதுதான். நெம்புகோல் வைத்த இடத்தில் நின்றது. பெடலோ அழுத்தம் விலகியதும் ஸ்பிரிங்கின் பலத்தில் திரும்பியது.

ஸ்பிரிங் ஒன்று போதாது என்பதை அடுத்த அரை நூற்றாண்டு காட்டியது. ஸ்பிரிங் உடையலாம், கேபிள் சிக்கலாம், இணைப்புக் கம்பி கழன்று விழலாம். 1973-இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி மோட்டார் வாகனப் பாதுகாப்புத் தரம் 124 இதற்கென்றே எழுதப்பட்டது. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டிலைத் திரும்பக் கொண்டுவரும் விசை குறைந்தது இரண்டு மூலங்களிலிருந்து வர வேண்டும். ஒன்று செத்தாலும் மற்றது தனியாக அதைச் செய்ய வேண்டும். காலை எடுத்த பிறகு சாதாரணக் கார் ஒரு நொடிக்குள் அடங்கு நிலைக்கு வர வேண்டும். கனரக வண்டிகளுக்கு இரண்டு நொடி, கடுங்குளிரில் மூன்று நொடி. இணைப்பில் ஏதாவது ஓரிடத்தில் அறுந்துபோனாலும் எஞ்சின் அடங்க வேண்டும். எந்த ஓர் உறுப்பையும் தனியாக நம்பக் கூடாது, எது உடைந்தாலும் வேகம் குறையும் பக்கமாகவே உடைய வேண்டும் என்ற இரண்டு கொள்கைகள் இந்த விதிக்குள் இருக்கின்றன. பின்னாளில் பெடலுக்கும் எஞ்சினுக்கும் இடையே கேபிள் மறைந்தபோதும் இந்தக் கொள்கைகள் மறையவில்லை.

கேபிள் மறையத் தொடங்கியது 1980களின் பிற்பகுதியில், பிஎம்டபிள்யூவின் 7 வரிசைக் கார்களில். 1997-இல் வந்த கார்வெட்டும் அந்த வழியில் சென்றது. சக்கரம் வழுக்குவதைத் தடுக்கவும் புகையைக் குறைக்கவும் எஞ்சினைக் கணினி ஆளவேண்டியிருந்ததால், அடுத்த பத்தாண்டுகளில் இது பொதுவழக்கானது. இனி பெடல் எதையும் இழுக்கவில்லை. எவ்வளவு அழுத்தப்பட்டது என்று வோல்டேஜில் அறிவிப்பது மட்டுமே அதன் வேலை. ஸ்பிரிங் இரண்டாகத்தான் இருக்க வேண்டும் என்ற பழைய விதி, சென்சாரும் இரண்டாக இருக்க வேண்டும் என்று இங்கே மறுபிறவி எடுத்தது. அக்காலத்து டொயோட்டா பெடல் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் ஆறு ஒயர்கள் தெரியும். இரண்டு 5 வோல்ட் இணைப்புகள், இரண்டு தரை இணைப்புகள், இரண்டு சிக்னல்கள். இரண்டு சென்சார்களும் எதையும் பங்கிட்டுக்கொள்வதில்லை. மிதிக்காதபோது ஒரு சிக்னல் சுமார் 0.8 வோல்ட் காட்டினால் மற்றது சுமார் 1.6 காட்டும், மிதிக்க மிதிக்க அந்த 0.8 வோல்ட் இடைவெளி குறையாமல் இரண்டும் சேர்ந்தே ஏறும். ஃபோக்ஸ்வாகன் கார்களில் இரண்டாவது சிக்னல் முதலாவதில் பாதியாக ஓடும். ஒரே கேள்விக்கு இரு சாட்சிகளை வேண்டுமென்றே வெவ்வேறு விதமாகப் பேச வைப்பது இந்த ஏற்பாடு. இரண்டு சிக்னல் ஒயர்களும் ஒன்றோடொன்று உரசி ஒட்டிக்கொண்டால் இருவரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். அந்த ஒற்றுமையே பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டு மின்கார் மரபு வேறு பாதையில் வளர்ந்தது. 1967-இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் வால்ட்டர் லாஸ்கி மின்கார் சங்கத்தைத் தொடங்கினார். 1973 எண்ணெய் நெருக்கடி அந்த ஆர்வத்தைப் பலரிடம் பரப்பியது. போர் விமானங்களிலிருந்து கழித்த ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர்களும், சரக்குத் தூக்கி வண்டிகளின் மோட்டார்களும் அவர்களுடைய மூலதனம். பிறகு குறைக்கடத்திக் கன்ட்ரோலர்கள் வந்தபோது, தொழிற்சாலை வண்டிகளுக்காக கர்டிஸ் நிறுவனம் செய்த பொட்டன்ஷியோமீட்டர் பெட்டி பரவலாயிற்று. பழைய காரின் ஆக்சிலரேட்டர் கேபிளை அதன் கையில் மாட்டினால், 0 முதல் 5 கிலோ ஓம் வரை மின்தடை மாறும். பெடல் மாறவில்லை, கேபிள் மாறவில்லை. மறுமுனையில் மட்டும் கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஒரு சிறு பெட்டி உட்கார்ந்தது. 2010-இல் நிசான் லீஃப் சந்தைக்கு வந்தபின், விபத்தில் சிக்கிய மின்கார்களின் மோட்டாரும் இன்வெர்ட்டரும் உடைக்கும் இடங்களுக்கு வரத் தொடங்கின. அவற்றுக்கு எந்தப் பெடலைக் கொடுப்பது என்ற கேள்வி அப்போதுதான் கூர்மையாக எழுந்தது.

பெட்டியை ஆதரிப்பவர்களின் வாதம் எளிமையானது: பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கான வண்டிகளை ஓட்டிய ஒன்றை ஏன் மாற்ற வேண்டும்? அதன் உழைப்பை மறுப்பதற்கில்லை. ஒயர் முற்றிலும் அறுந்தால் கண்டுபிடித்து நிறுத்தும் கன்ட்ரோலர்களும், பெடல் மிதித்த நிலையில் சாவியைத் திருப்பினால் கிளம்ப மறுக்கும் கன்ட்ரோலர்களும் அன்றே இருந்தன. ஆனால் உள்ளிருக்கும் தடம் தேய்ந்தோ ஈரம் புகுந்தோ 3 கிலோ ஓம் என்று தவறாகக் காட்டினால், அது ஓட்டுநர் கேட்ட வேகமா பெட்டி கற்பனை செய்த வேகமா என்று கண்டறிய எந்தக் கன்ட்ரோலருக்கும் வழியில்லை. ஒற்றைச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய ஆளில்லை. பெட்ரோல் கார் இந்தத் தவறைத் தாங்கும். எஞ்சின் இரைவது காதில் விழும், கிளட்சை மிதித்துத் தப்பலாம். மோட்டாரோ நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசை தரும், சத்தம் எச்சரிக்காது. கிளட்சை நீக்கிவிட்ட வண்டியில் பிரித்துவிடவும் வழி கிடையாது. ஆகவே பெட்ரோல் காலத்தில் போதுமாக இருந்த எளிமை மின்காருக்குப் போதாது.

இதைவிட வலுவான மறுப்பு, தொழிற்சாலைப் பெடல்களே பிழைத்தன என்பது. 2009 ஆகஸ்டில் சான் டியேகோ அருகே தறிகெட்டு ஓடிய ஒரு லெக்சஸ் காரில் நால்வர் இறந்தனர். தரைவிரிப்பில் பெடல் சிக்கியதே காரணமாகச் சொல்லப்பட்டது. 2010 ஜனவரியில் திரும்பும்போது ஒட்டிக்கொள்ளும் பெடல்களுக்காக டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. நாசாவின் பொறியாளர்கள் ஆராய்ந்து 2011 பிப்ரவரியில் அளித்த அறிக்கை, பெருவேக ஓட்டங்களுக்கு மின்னணுக் கோளாறு காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. அதே ஆய்வில் பொட்டன்ஷியோமீட்டர் வகைப் பெடல்களுக்குள் வெள்ளீயத்தின் நுண்ணிழைகள் வளர்ந்திருந்ததும், பழுதான ஒரு பெடலில் அப்படி ஓர் இழை இரு சிக்னல்களையும் இணைத்திருந்ததும் தெரியவந்தது. 2013-இல் ஓக்லஹோமா ஜூரி ஒன்று வேறொரு விபத்தில் டொயோட்டாவின் மின்னணு அமைப்பைப் பொறுப்பாக்கியது. இத்தனையும் நடந்ததை மறைத்துப் பழைய பெடலைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. ஆனால் இந்தப் பிழைகள் பொதுவெளியில் பிரித்து ஆராயப்பட்டவை என்பதால் எதைத் தவிர்க்க வேண்டும் என்பதும் நமக்குத் தெரிகிறது. எந்தச் சிறு பெட்டிக்கும் நாசா ஆய்வு நடந்ததில்லை. உரசும் தடமுள்ள பெடலை விட்டு, காந்தப் புலத்தை உணரும் ஹால் வகைப் பெடலை எடுக்கலாம். அதில் சிக்னல் தரும் பாகங்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. திரும்ப அழைக்கப்பட்ட பாகங்களின் பட்டியலில் அது உள்ளதா என்று பார்க்கலாம். தரைவிரிப்புக்கு மேலே எவ்வளவு இடைவெளி இருக்கும் என்று அளந்த பிறகே பெடலைப் பொருத்தலாம்.

பயன்படுத்திக் கழித்தது தேய்ந்திருக்குமே என்பது நியாயமான கவலை. அதற்கு விடை சோதனைதான். பெடலை மெதுவாக அழுத்தி மெதுவாக விடும்போது எந்த இடத்திலும் தயங்காமல் அது முழுமையாகத் திரும்ப வேண்டும். இரு சிக்னல்களையும் மீட்டரில் பார்த்தபடி அழுத்தினால், துள்ளலோ இறக்கமோ இல்லாமல் இரண்டும் தம் விகிதத்தைக் காக்க வேண்டும். தரையில் ஊன்றும் பெடலா, மேலிருந்து தொங்கும் பெடலா என்பதை மாற்றப்படும் வண்டியின் தரையமைப்பு தீர்மானிக்கட்டும். பெடலோடு அதன் பிளக்கையும் ஒரு சாண் ஒயரையும் சேர்த்து வெட்டி வாங்க வேண்டும். ஈரம் புகாத அந்த இணைப்பும் அதே பாதுகாப்பின் பகுதிதான்.

இத்தனைக்கும் பிறகு ஒரு குறை மிஞ்சுகிறது, அது பெடலுடையது அல்ல. இரண்டு சிக்னல் தரும் பெடலை வாங்கி, ஒன்றை மட்டும் கன்ட்ரோலரில் இணைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஓப்பன்இன்வெர்ட்டர் போன்ற திறந்த வடிவமைப்புகளில் ஒற்றைச் சிக்னலா இரட்டையா என்பதை உருவாக்குபவரே தேர்ந்தெடுக்கலாம். இந்தச் சுதந்திரம் வீட்டு மின்கார் மரபின் உயிர்; அதைச் சட்டம் போட்டுப் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பெரிய நிறுவனங்கள் விபத்துகளாலும் விதிகளாலும் நீதிமன்றங்களாலும் கட்டாயப்படுத்தப்பட்டுக் கற்ற ஒழுக்கத்தை, கட்டாயமே இல்லாத இடத்தில் தானாக ஏற்பவர்தான் அந்தச் சுதந்திரத்துக்குத் தகுதியானவர். இரு சிக்னல்களும் முரண்பட்டால் மோட்டார் அடங்க வேண்டும். பிரேக்கை மிதித்தால் ஆக்சிலரேட்டரின் சொல் செல்லக் கூடாது. பெடல் அழுத்திய நிலையில் வண்டி கிளம்பக் கூடாது. வீட்டில் எழுதும் மென்பொருளில் சில வரிகளே பிடிக்கும் இந்த மூன்றும் இல்லாத வண்டி, எவ்வளவு அழகாக ஓடினாலும், தெருவுக்கு வரத் தகுதியற்றது. காரணம், அந்தத் தெருவில் நடப்பவர்கள் யாரும் அந்தச் சோதனை முயற்சிக்குச் சம்மதம் தந்தவர்கள் அல்லர்.