சராசரிக்குள் மறைந்த சாவு

மா ஓயாவின் கழிமுகத்திலிருந்து கற்பிட்டி வரை நீளும் புத்தளக் கரையோரத்தை இன்று நாம் ஒரே மாவட்டமாகக் கருதுகின்றோம். நோயின் வரலாற்றிலோ அது இரு வேறு நாடுகள். தெற்கே, சிலாபத்தைச் சூழ்ந்த தெங்குத் தோட்டங்கள். வடக்கே, உப்பளங்களும் முட்காடுகளும் தூர்ந்த குளங்களும் கொண்ட வரண்ட வலயம்.

1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. சிலாபத்தருகே கடலிற் கலக்கும் தெதுறு ஓயாவும், தெற்கெல்லையான மா ஓயாவும் ஓட்டமிழந்து குட்டைகளாயின; அவற்றில் மலேரியா நுளம்பு பெருகிற்று. சில மாதங்களுக்குள் இலங்கையில் ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர். 1935இல் ஆயிரம் பிறப்புக்கு 263 சிசுக்கள் மடிந்தன. கேகாலை, குருநாகலை முதலிய, மலேரியா அதிகம் அறியாத பகுதிகளே பேரழிவைக் கண்டன. அங்கிருந்த ஏழைகளின் உடலில் அந்நோயைத் தாங்கும் ஆற்றலுமில்லை, வயிற்றில் உணவுமில்லை. சூரியமல் இயக்கத்து இளைஞர் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். அரசாங்கமும் அசைந்தது.

வரண்ட வலயத்திலோ முறைக்காய்ச்சல் ஆண்டு தவறாமல் வந்தது. குழந்தைப் பருவத்தில் அதற்குத் தப்பியவர்கள், வீங்கிய மண்ணீரலோடு, ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்று வாழ்ந்தனர். ஆண்டுதோறும் நிகழ்ந்த சாவாதலால் எண்ணிக்கை திடீரென உயரவில்லை. உயராததால் 'கொள்ளைநோய்' என்ற பெயரும் அதற்குக் கிட்டவில்லை. பசியைப் போலவே இதுவும் 'வழமை' ஆயிற்று. எவருக்கு வழமை என்பதே நமது கேள்வி.

1946இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆயிருந்த இலங்கையின் மரண வீதம், மறுவருடமே 14 அளவுக்கு இறங்கியது. டி.டி.டி. தெளித்ததன் வெற்றி இது என உலகெங்கும் பேசப்பட்டது. மாவட்டக் கணக்குகளை விரித்துப் பார்த்த ஆய்வாளர் மீகம, 1967இல் வேறொன்றையும் எடுத்துக்காட்டினார்: மலேரியா அரிதான பகுதிகளிலும் மரணம் குறைந்திருந்தது. வைத்தியசாலைகளின் பெருக்கத்துக்கும் அதிற் பங்குண்டு. மலேரியா மிகுந்த மாவட்டங்களில் வீழ்ச்சி கூடுதலாயிருந்ததும் மெய்யே. நாடளாவிய சராசரி இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே மறைத்துவிடுகின்றது.

மரணப் பதிவு 1867 முதல் இங்கு நடைமுறையிலுண்டு. கிராமத்துப் பதிவுகாரர் வைத்தியரல்லர். உறவினர் சொன்ன 'காய்ச்சல்', 'வலிப்பு' என்பனவே ஏட்டில் ஏறின. அக்காரணங்களை நாம் ஐயுறலாம். ஊரும் வயதும் அத்துணை ஐயத்துக்கு இடந்தருவன அல்ல. மருத்துவிச்சியை முதலில் எவ்வூருக்கு அனுப்புவது என்று தீர்மானிக்க அவையே பெரிதும் போதும். 1926இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பகுதி, வரையறுத்த ஓர் எல்லைக்குள் வைத்தியரையும் மருத்துவிச்சியரையும் ஒருங்கே அமர்த்தித் தன் பணியைத் தொடங்கியிருந்தது. அதற்கு எட்டு ஆண்டுகளின் பின்னரே தெதுறு ஓயா வற்றிற்று.