அடுத்த வீட்டுத் தொழில்: பள்ளிப் பணி அனுபவம் குறித்து ஒரு வாதம்

1953 ஜூனில் பள்ளிகள் திறந்தபோது, சென்னை மாநிலத்துக் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கான வகுப்பு நேரம் நாளுக்கு மூன்று மணியாகச் சுருங்கியிருந்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலையோ ஊரில் நடக்கும் கைத்தொழிலையோ பழக வேண்டும் என்பது முதலமைச்சர் ராஜாஜியின் ஏற்பாடு. அரசிடம் பணமில்லை, பள்ளிக்கே வராத பிள்ளைகளோ ஏராளம். இருக்கிற கட்டடத்தையும் வாத்தியாரையும் இரண்டு வேளைக்குப் பகிர்ந்தால் இரட்டிப்புப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்ற கணக்கு அதற்குள் இருந்தது. எதிர்த்தவர்கள் இந்தக் கணக்கைக் காதில் வாங்கவில்லை என்று சொல்வோர் இன்றும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முடி திருத்துபவரின் பிள்ளைக்கு வீட்டுத் தொழில் எது, பண்ணையாரின் பிள்ளைக்கு வீட்டுத் தொழில் எது என்று கேட்டாலே போதும், குலக்கல்வி என்ற பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பெரியாரின் திராவிடர் கழகம் தெருவில் இறங்கியது. அதே ஆண்டு தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனையும் இதுதான். 1954 ஏப்ரலில் காமராசர் பொறுப்பேற்ற சில வாரங்களில் திட்டம் கைவிடப்பட்டது.

எதிர்ப்பு நியாயமானது. அதன் பின்விளைவு ஒன்றைத்தான் இக்கட்டுரை விசாரிக்கிறது. அதற்குப் பிறகு, பள்ளிப் பிள்ளையையும் பட்டறையையும் ஒரே வாக்கியத்தில் வைத்தாலே தமிழகத்தில் புருவங்கள் உயர்கின்றன. பிள்ளை படிக்கட்டும், வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது பொதுக்கருத்தாகிவிட்டது. பள்ளி கைகழுவிய வேலையைக் குடும்பம் எடுத்துக்கொண்டது. எந்தெந்தத் தொழில்கள் உலகில் உண்டு, அவற்றுக்குள் நுழையும் வழி எது என்பதை ஒரு பிள்ளை இன்றும் அப்பா, மாமா, சித்தி வழியாகவே அறிகிறது. எந்தக் குலவழியை உடைக்க 1953இல் போராடினோமோ, அந்த வழியிலேயே தொழிலறிவு இப்போது ஓசையில்லாமல் பயணம் செய்கிறது. ஆகவே பள்ளி மாணவருக்குப் பணி அனுபவம் வேண்டும். ஆனால் அது தன் குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத தொழிலில்தான் வேண்டும் என்பது என் வாதம்.

வேலையைப் பள்ளிக்குள் கொண்டுவரும் முயற்சி இந்தியாவுக்குப் புதிதல்ல. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்து, ஜாகிர் உசேன் குழு பாடத்திட்டமாக்கிய ஆதாரக் கல்வி உண்டு. 1964–66 கோத்தாரிக் குழு ‘பணி அனுபவம்’ என்ற சொல்லையே கொள்கை மொழியில் நிலைநிறுத்தியது. 1977இல் ஈஸ்வர்பாய் படேல் குழு அதற்குச் சமூகப் பயனுள்ள உற்பத்திப் பணி என்று வேறு பெயர் சூட்டியது. அடுத்த ஆண்டே, வேலூரில் பிறந்த பொருளியலறிஞர் மால்கம் ஆதிசேசையா தலைமையிலான குழு மேல்நிலைக் கல்வியில் தொழிற்பிரிவை வலியுறுத்தியது. 1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி வந்தபோது தொழிற்கல்விப் பாடப்பிரிவும் கூடவே வந்தது. மதிப்பெண் குறைந்தவர்கள் ஒதுங்கும் இடம் என்ற பெயரும் அதற்குச் சீக்கிரமே வந்துவிட்டது. இவற்றுக்குள் வேறுபாடுகள் பல. என்றாலும் நடைமுறையில் எல்லாமே வேலையை ஒரு பாடமாக்கிப் பள்ளிச் சுற்றுச்சுவருக்குள் அடைத்தன. ஆதாரக் கல்வியில் தக்ளி கொண்டு நூல் நூற்ற பிள்ளை நெசவாளியின் கடனையோ, பாவு ஓட்டும் தெருவையோ, நூல் விலையையோ பார்க்கவில்லை. கைத்தொழில் பிரிவேளையில் அட்டைப் பெட்டி செய்தோம். அந்தப் பெட்டியை யார் வாங்குவார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2020இல் 41 நாடுகளின் பதினைந்து வயதினரிடம் பெற்ற விடைகளை ஆராய்ந்தது. முப்பது வயதில் என்னவாக இருப்பீர்கள் என்ற கேள்விக்கு ஆண்களில் 47 விழுக்காட்டினரும் பெண்களில் 53 விழுக்காட்டினரும் வெறும் பத்துத் தொழில்களுக்குள் தங்கள் விடையை முடித்துக்கொண்டார்கள். பணக்கார நாடுகளிலேயே கற்பனை இவ்வளவு குறுகலாக இருக்கிறது. நம் ஊர் வகுப்பறையில் கேட்டுப் பாருங்கள்: டாக்டர், இன்ஜினீயர், கலெக்டர், போலீஸ், டீச்சர். ஐந்திலேயே நிற்கும். மருந்தாளுநர், நில அளவர், பல் செட்டு செய்யும் டெக்னீஷியன், கப்பலில் சரக்கு ஏற்றும் கணக்கைப் பார்ப்பவர் ஆகியோரைக் குறிப்பிடும் பிள்ளையை விசாரித்தால், அந்த வேலையில் ஒரு சொந்தக்காரர் இருப்பார். சொந்தக்காரர்கள் எல்லோரும் கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தகவல் வந்து சேர வழியில்லை.

தமிழக அரசு இதை உணராமல் இல்லை. 2022 மார்ச் 1ஆம் நாள் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டலைக் கொண்டுவந்தது. ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகளும், பன்னிரண்டாம் வகுப்பினரைக் கல்லூரிகளுக்கு அழைத்துச் செல்லும் களப்பயணமும் நடக்கின்றன. முதல் தலைமுறைப் பிள்ளை ஒரு கல்லூரியின் ஆய்வகத்துக்குள் கால் வைப்பது சிறிய காரியமில்லை. ஆனால் இவை விடையளிக்கும் கேள்வி ‘என்ன படிக்கலாம்?’ என்பது. ‘அதைப் படித்தவர் காலை ஒன்பது மணி முதல் மாலை வரை என்ன செய்கிறார்?’ என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. படிப்பின் வாசலைக் காட்டுகிறோம். அதன் மறுபக்க வாசல் எங்கே திறக்கிறது என்பது பிள்ளைக்குத் தெரிவதில்லை.

தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாட்கள் புத்தகப் பையில்லாமல் உள்ளூர்த் தொழில் வல்லுநர்களிடம் பயிலச் சொல்கிறது. எடுத்துக்காட்டாக அது பெயர் சொல்பவர்கள் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர். குலக்கல்வி திரும்புகிறது என்ற குரல் தமிழகத்தில் எழுந்ததற்கு இந்தப் பட்டியலும் ஒரு காரணம். பட்டியலில் செவிலியர் இல்லை, கிராம நிர்வாக அலுவலர் இல்லை, மின்வாரிய உதவிப் பொறியாளர் இல்லை. உள்ளூர்த் தொழில் என்றதும் மண்ணும் மரமும்தான் கொள்கை எழுதியவர்களின் கண்ணுக்குத் தெரிகின்றன. குயவரிடம் போனால் சட்டியை யார் வீட்டுப் பிள்ளை வனையும், யார் வீட்டுப் பிள்ளை வேடிக்கை பார்க்கும் என்பதற்கும் கொள்கையில் காப்பு எதுவும் இல்லை. குறை இங்கே இருக்கிறது. பை இல்லாத பத்து நாளில் எனக்குக் குறை தெரியவில்லை.

சட்டம் இன்னும் விசித்திரமானது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோர் எந்தத் தொழிலிலும் வேலை செய்வதைத் தடுத்தது. கூடவே ஒரு விலக்கும் தந்தது: பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம். குடும்பம் என்ற சொல்லுக்குள் அண்ணன், அக்காள், அத்தை, சித்தப்பா, மாமா, சித்தி வரை அடக்கம். அதாவது சிறு பிள்ளை வேலையைத் தொட்டுப் பார்க்கச் சட்டம் திறந்து வைத்திருக்கும் முக்கியமான கதவு சொந்தக்காரர் வீட்டுக் கதவு. 1954இல் துரத்தியது 2016இல் கொல்லைப்புறமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. இதைப் பற்றிய சத்தம் அன்றைய அளவுக்கு இல்லை.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றுக்குள் ஒரு பத்தாம் வகுப்பு மாணவி போவதாக வைத்துக்கொள்வோம். முன்னால் சேசிஸ் மட்டும் மொட்டையாக நிற்கிறது. அவள் கணக்குப் புத்தகத்தில் சென்டிமீட்டர். இங்கே ‘ஒரு நூல் குறையுது’ என்கிறார்கள். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மூலமட்டத்தை வைத்துச் செங்கோணம் பார்க்கிறார் ஒருவர். இன்னொருவர் ரசமட்டத்தின் குமிழியைப் பார்த்துத் தலையாட்டுகிறார். சுண்ணப்பொடி தடவிய கயிற்றை இரண்டு பேர் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் தகரத்தின்மேல் நேர்கோடு விழுகிறது. இரண்டு புள்ளிகள் ஒரு கோட்டைத் தீர்மானிக்கும் என்பதை அவள் முந்தைய வாரம் எழுதிப் படித்தாள். வெல்டர், டிங்கர், பெயின்டர், வயரிங்காரர், சீட் தைப்பவர் என்று கைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அதோடு முடியவில்லை. முன்னறையில் ஒருவர் எஃப்.சி. தேதி, பெர்மிட், இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் தவணை என்று காகிதங்களோடு மல்லுக்கட்டுகிறார். ஒரு வண்டியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து தொழில்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்குப் பட்டம் வேண்டும், பாதிக்கு வேண்டாம். இதை எந்த வழிகாட்டிக் கையேடும் அவளுக்கு இப்படிக் காட்டாது. வெயிலும் பெயின்ட் நெடியும் எப்படி இருக்கும் என்பதும், இது எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்யும் உரிமையும் அவளுக்குக் கிடைக்கின்றன. வேண்டாம் என்று தெரிந்துகொள்வதும் ஆதாயம்தான்.

இதற்கு வெளிநாட்டுச் சான்றுகள் உண்டு, அளவோடு எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் 2012இல் வெளியான ஆய்வொன்று, பள்ளிக்காலத்தில் வேலை தருவோரை நான்கு முறையோ அதற்கு மேலோ சந்தித்ததாக நினைவுகூர்ந்த இளைஞர்கள் படிப்பும் வேலையும் இல்லாமல் நிற்கும் வாய்ப்பு, ஒரு சந்திப்பும் இல்லாதவர்களைக் காட்டிலும் ஐந்தில் ஒரு பங்கு என்று கண்டது. நினைவை நம்பிய கணக்கு என்பதால் எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. சந்திப்பு பல முறை நிகழ வேண்டும் என்ற பாடம் போதும். ஜப்பானின் ஹியோகோ மாநிலம் எனக்கு அதைவிட முக்கியம். 1995 நிலநடுக்கத்தில் கோபே நகரம் சிதைந்தது; 1997இல் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் செய்த கொலைகள் அந்நகரை உலுக்கின. பிள்ளைகளுக்கும் ஊருக்கும் தொடர்பு அறுந்துவிட்டதோ என்ற கலக்கத்தில் 1998இல் ஒரு திட்டம் பிறந்தது: நடுநிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டு மாணவர் அனைவரும் ஐந்து நாட்கள் உள்ளூர்க் கடை, பண்ணை, மழலையர் பள்ளி, தீயணைப்பு நிலையம் போன்ற இடங்களில் இருக்க வேண்டும். மதிப்பெண் குறைந்தவருக்கு ஒன்று, நன்றாகப் படிப்பவருக்கு ஒன்று என்று பிரிக்கவில்லை. நம் தொழிற்கல்விப் பாடப்பிரிவு தவறவிட்டது இதைத்தான்.

நம் ஊர்களுக்கு ஐந்து நாள் ஏற்பாடு கடினம் என்பார்கள். அப்படியானால் ஊரே ஏற்பாடு செய்து தருகிற இடத்திலிருந்து தொடங்கலாம். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் குதிரை, மாட்டுச் சந்தை கூடுகிறது. சாதாரணமாகப் பார்த்தால் குதிரை, ராட்டினம், பஞ்சுமிட்டாய். வேலையைத் தேடிப் பார்த்தால் அது ஒரு திறந்தவெளிப் பாடநூல். லாடம் அடிப்பவர், கால்நடை மருத்துவர், பல்லைப் பிடித்து வயது சொல்லும் தரகர், தற்காலிக மின் இணைப்பு தரும் மின்வாரியத்தார், ராட்டினத்தின் போல்ட்டை முடுக்குபவர், அதற்கு அனுமதி தரும் அலுவலர், பலகாரக் கடையைச் சோதிக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலர், கூட்டத்தை வழிநடத்தும் காவலர், குப்பையை அள்ளுபவர். நம் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் கணக்கு ஒன்று போதும், ஒரு வகுப்பு முழுக்கப் பேச. மாவட்டங்களில் நடக்கும் புத்தகத் திருவிழாக்களுக்குப் பள்ளிகள் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவருகின்றன. வரிசை கலையாமல் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறுகிறது. மெய்ப்புப் பார்ப்பவர், அட்டை வடிவமைப்பவர், பைண்டிங் செய்பவர், விநியோகிப்பவர் ஆகியோரில் ஒருவரோடுகூட அவர்கள் பேசுவதில்லை. பெரிய திருவிழாக்களுக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுகிறார். ஊரின் அத்தனை தொழில்களும் ஒரே மைதானத்தில் கூடும் நாளில் பள்ளி பூட்டிக் கிடக்கிறது. எனக்கு இது பெரிய வேடிக்கையாகத் தோன்றுகிறது.

இனி எதிர்வாதம். சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் பிள்ளைகள் உழன்றதைப் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல்தான் தீர்ப்புச் சொன்னது. பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் இழப்பீடு விதித்தது. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் வளரிளம் பெண்களை மூன்று ஆண்டுகள் விடுதியில் அடைத்து வேலை வாங்கியவர்களும் அவர்களைப் பயிற்சியாளர் என்றே பதிவேட்டில் எழுதினார்கள். ஆகவே பயிற்சி என்ற சொல்லைக் கேட்டுப் பெற்றோர் பயப்பட்டால் அந்தப் பயம் அனுபவத்திலிருந்து வருகிறது. இதற்கு நல்லெண்ணம் விடையாகாது, விதி வேண்டும். பதினான்கு வயது நிறையாத பிள்ளை பார்க்கலாம், கேட்கலாம், எழுதிக்கொள்ளலாம்; கை வைக்கக் கூடாது. ஒன்பதாம் வகுப்பு முதல், அந்த வயது நிறைந்தவர்கள் ஆபத்தில்லாத வேலையைச் செய்து பார்க்கலாம். ஆனால் அவர்கள் செய்தது அன்றைய உற்பத்திக் கணக்கில் ஒரு உருப்படியாகக்கூடச் சேரக் கூடாது. பிள்ளை வராத நாளில் முதலாளிக்கு நட்டம் வந்தால், அங்கே நடந்தது பயிற்சியல்ல. ஆசிரியர் உடன் இருக்க வேண்டும், காப்பீடு இருக்க வேண்டும், பெண் பிள்ளைகள் போகும் இடத்தில் கழிப்பறை இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை வைத்து மட்டும் வடிகட்டினாலே பல பட்டறைகள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும் என்பது தெரிந்தே எழுதுகிறேன்.

யாரை எங்கே அனுப்புவது என்பதில்தான் திட்டம் நிற்கும் அல்லது விழும். விருப்பத்தைக் கேட்டால் பிள்ளை தனக்குத் தெரிந்த ஐந்தையே சொல்லும். ஆசிரியரிடம் விட்டால், அவரை அறியாமலே முகத்தையும் முகவரியையும் பார்த்துப் பிரிப்பார். குலுக்கல்தான் நேர்மையானது. அதுவும் இரு திசையிலும் ஓட வேண்டும்: செருப்புத் தைப்பவரின் மகள் வங்கிக்குப் போனால், வங்கி மேலாளரின் மகன் செருப்புத் தைப்பவரிடம் வந்து உட்கார வேண்டும். ஒரு திசையில் மட்டும் ஓடினால் அது மேலே ஏறும் ஏணியைக் காட்டுவதாக முடியும். கீழே இருப்பதாக நாம் வைத்திருக்கும் தொழிலின் நுட்பம் யார் கண்ணிலும் படாது. சாதி வேலையைப் பிரித்ததோடு நிற்காமல் வேலை செய்பவர்களையே பிரித்து வைத்திருக்கிறது என்று 1936இல் அம்பேத்கர் வாதிட்டார். பிரிந்தவர்கள் ஒருவர் வேலையை ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்கப் பள்ளியைத் தவிர வேறு பொது இடம் நம்மிடம் இல்லை.

ஒன்பதாம் வகுப்பின் மேசையில் ஒரு டப்பாவுக்குள் சீட்டுகளைப் போட்டு வைக்க எந்த ஆணையும் நிதியும் தேவையில்லை. உள்ளூர் அஞ்சலகம், கூட்டுறவுப் பால் சங்கம், லேத் பட்டறை, ஆரம்ப சுகாதார நிலைய மருந்தகம், பந்தல்காரர் என்று இருபது பெயர்கள் போதும். உன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று அன்று பிள்ளையிடம் கேட்கலாம். ஆனால் அவர் தொழிலே சீட்டில் வந்துவிட்டால் அதை மாற்றிக் கொடுப்பதற்காக மட்டுமே கேட்க வேண்டும்.