இரண்டு பிக்சல் குறுக்கே, ஒரு பிக்சல் கீழே

போன வருஷம் வீடு மாறும்போது அலமாரிக்கு அடியில் ஒரு பழைய சிடி கிடைத்தது. உள்ளே நாற்பத்தோரு கிஃப் படங்கள். எதுவுமே 3 கிலோபைட்டைத் தாண்டவில்லை. ஒரு மர பெஞ்சு, ஓர் ஊஞ்சல், மண் அடுப்பு, மங்கு கட்டிய ஒரு பால்மரம். 2006, 2007-இல் நானும் இரண்டு கூட்டாளிகளும் வரைந்தவை. எல்லாம் ஹப்போ ஹோட்டலுக்காக.

ஹப்போ தெரியாத தம்பி தங்கைகளுக்குச் சின்ன வரலாறு. 1999 கடைசியில் பின்லாந்தில் சாம்போ கர்யலைனன், ஆப்போ கியூரோலா என்ற இரண்டு இளைஞர்கள், நண்பர்களின் இசைக்குழுவுக்காக ‘மொபைல்ஸ் டிஸ்கோ’ என்ற அரட்டை அறையை இணையத்தில் உருவாக்கினார்கள். 2000-இல் அது ‘தங்கமீன் விடுதி’ என்று பொருள்படும் பெயரோடு பின்லாந்து மொழியில் வளர்ந்தது. 2001-இல் பிரிட்டனில் ஹப்போ ஹோட்டல் திறந்தது. உள்ளே நுழைய காசு வேண்டாம். அறையும் இலவசம். ஆனால் வெற்று அறை. நாற்காலி வேண்டுமா, காசு கொடு. அதுதான் அந்த நிறுவனத்தின் வியாபாரம்.

பத்து காவானிலிருந்து சிம்பாங் அம்பாட் சைபர் கஃபேவுக்கு மிதிவண்டியில் போன எங்களிடம் நாற்காலி வாங்கக் காசில்லை. மணிக்கு இரண்டு ரிங்கிட் கட்டுவதே பெரிய பாடு. அதனால் வரைந்தோம். உலகம் முழுக்க எங்களைப் போன்ற பிள்ளைகள் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். இருக்கிற சாமானுக்கு நிறம் மாற்றுவார்கள், அல்லது புதுசாகவே வரைவார்கள். ‘ஆல்ட்ஸ்’ என்று பெயர். இவை விளையாட்டுக்குள் போகாது. அறையைப் படமெடுத்து அதன்மேல் ஒட்டிப் பார்ப்போம். மற்ற ரசிகர்களுக்கு அனுப்புவோம். அவ்வளவுதான்.

வேலை எளிதில்லை. மைக்ரோசாஃப்ட் பெயிண்டைத் திறந்து எட்டு மடங்கு பெரிதாக்க வேண்டும். சாய்ந்த கோடு போட ஒரே விதி: இரண்டு பிக்சல் குறுக்கே, ஒரு பிக்சல் கீழே. இந்த ஏணிப்படி பிசகினால் பெஞ்சு தரையில் உட்காராமல் மிதக்கும். மேல்பக்கத்துக்கு வெளிர் நிறம், ஒரு பக்கவாட்டுக்கு நடுத்தரம், இன்னொன்றுக்கு அடர்த்தி. கடைசியில் கிஃப்பாகச் சேமிக்கணும். ஜேபெக்கில் சேமித்தால் ஓரமெல்லாம் அழுக்குப் பிடித்த மாதிரி ஆகிவிடும். நான் முதலில் வரைந்த ஐந்து சாமான்கள் அப்படித்தான் வீணாயின.

கட்டத்துக்குள் வரைவது கணினியோடு வந்த கலையில்லை. 1983-இல் ஆப்பிள் மேக்கின்டாஷுக்குச் சின்னங்கள் வரைந்த சூசன் கேர், கட்டத்தாளில் 32-க்கு 32 கட்டங்களை நிரப்பித்தான் தொடங்கினார். அதற்கும் வெகுகாலம் முன்பே ஜார்ஜ்டவுன் வீடுகளில் நியோன்யாப் பெண்கள் கட்டம் போட்ட மாதிரித் தாள்களைப் பார்த்து, கடுகளவு மணிகளை ஒவ்வொன்றாகக் கோத்துச் செருப்பு தைத்தார்கள். 1974-இல் சென்னையைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தைக் கணினி மொழிக்கோட்பாட்டோடு இணைத்து ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மணிச்செருப்பு தைத்தவள் வீட்டில் இருக்கும். கோலம் போட்டவள் வாசலில் இருக்கும். எங்கள் பெஞ்சு யாருடைய வீட்டில் இருந்தது?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது அம்மாதான். ஒருநாள் அச்செடுத்த படத்தைக் காட்டினேன்.

“இது யாரு வீடு?”

“என் அறைம்மா.”

“உன் பேர்ல இருக்கா?”

“இல்ல, கம்பெனியோடது. அவங்க மூடினா போயிடும்.”

“அப்ப எங்க தோட்டத்து வீடு மாதிரிதான்” என்றார் அம்மா, சிரிக்காமல்.

அம்மா பிறந்தது பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில். தாத்தா பால்மரம் வெட்டியவர். வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டது அவர், பின்னால் குளியல்கொட்டகை கட்டியதும் அவர். வீடு மட்டும் வேலையோடு வந்தது. வேலை போன மாதமே சாவியும் போனது. பந்தலுக்கோ கொட்டகைக்கோ யாரும் விலை பேசவில்லை. மலேசியத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்த கதைதான் இது.

இணையத்தில் இந்தக் கதை எப்படிப் போனது? படங்களோடு கூடிய முதல் பெரிய இணையச் சமூகங்களில் ஒன்று ‘ஹாபிட்டாட்’. லூகாஸ்ஃபிலிம் உருவாக்கியது. 1986-இல் கொமடோர் 64 கணினிகளுக்காகச் சோதனை ஓட்டம் தொடங்கியது. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு உண்டு. 1988-இல் சோதனை முடிந்தது. வீடுகளும் முடிந்தன.

2007-இல் நெதர்லாந்தில் ஒரு 17 வயதுப் பையனைப் போலீஸ் கைது செய்தது. மற்றவர்களின் ஹப்போ கணக்குக்குள் புகுந்து 4000 யூரோ மதிப்புள்ள நாற்காலி மேசைகளைத் திருடினான் என்பது குற்றச்சாட்டு. எங்கள் சைபர் கஃபேயில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதே வருஷம் அதே நாட்டில் நடந்த இன்னொரு சம்பவத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. இரண்டு பையன்கள் ஒரு 13 வயதுச் சிறுவனை அடித்து மிரட்டி, ரூன்ஸ்கேப் விளையாட்டில் அவன் வைத்திருந்த தாயத்தையும் முகமூடியையும் பறித்துக்கொண்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கையால் தொட முடியாத பொருளைத் திருட முடியுமா? முடியும் என்று 2012 ஜனவரி 31 அன்று தீர்ப்பு வந்தது. அந்தச் சிறுவன் செலவழித்த நேரமும் உழைப்பும்தான் அந்தப் பொருள்களுக்கு மதிப்பைத் தந்தன என்பது அதன் முக்கியமான காரணம்.

நேரமும் உழைப்பும். படித்தபோது தாத்தாவின் பந்தல்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் இந்தத் தீர்ப்பைத் தலைக்குமேல் தூக்கி ஆடவும் முடியாது. ஒரு ஆட்டக்காரன் இன்னொருவனிடம் பறித்தால் அது திருட்டு. நிறுவனமே கதவை மூடினால்? அதற்கு அந்தத் தீர்ப்பில் பதிலில்லை. 2010-இல் ஹப்போவின் பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் விடுதிகளெல்லாம் ஒன்றாக இணைக்கப்பட்டன. 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷ் தொழில்நுட்பத்துக்கான ஆதரவு நின்றது. எத்தனையோ சின்ன விளையாட்டுகள் அதோடு அணைந்துபோயின. ஹப்போ தப்பித்தது. நான் பழகிய விடுதி இப்போது இல்லை.

பத்து காவானும் முன்பு பார்த்த ஊராக இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டம், பிறகு ரப்பர், செம்பனை. 2014-இல் 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பாலம் திறந்தது. இப்போது நினைவகச் சில்லு, சேமிப்புத் தட்டு செய்யும் தொழிற்சாலைகள். என்னோடு பெஞ்சு வரைந்தவர்களில் ஒருவன் அங்கேதான் இரவு ஷிஃப்ட் பார்க்கிறான். உலகத்தின் படங்களைச் சேமிக்கும் சாமான்களைச் சோதிப்பது அவன் வேலை. அவன் வரைந்த எதுவும் அவனிடம் மிச்சமில்லை.

நாற்பத்தோரு படங்களையும் போன வாரம் அவனுக்கு அனுப்பினேன். இரவு மூன்று மணிக்குப் பதில் வந்தது: “ஊஞ்சல்ல இடது சங்கிலி ஒரு பிக்சல் தப்பா இருக்குடா.”

போய்ப் பார்த்தேன். உண்மைதான். திருத்தவில்லை. அந்த லயத்து ஊஞ்சலுக்கு இப்போது மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அந்தப் படம்தான். உங்கள் வீட்டிலும் பழைய சிடியோ, தூசி படிந்த கணினியோ கிடந்தால், தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை திறந்து பாருங்கள். வரைந்தவர் யார், எந்த வருஷம், எந்த ஊர் என்று கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. அந்த நாற்பத்தொன்றில் எது யார் வரைந்தது என்று எங்களுக்கே இப்போது தெரியவில்லை.