பழைய ஏ.ரி.வி வாங்குமுன் கடதாசியைப் பாருங்கள்

ஒன்ராறியோவின் காட்டுப்பாதைகளில் ஓடித்திரிய, பழைய நாலு சில்லு வண்டியொன்றைத் தனியாரிடம் வாங்க எண்ணும் எம்மவர்களுக்கு ஒரு கணக்காளனின் குறிப்பு இது.

முதலில் கடதாசி. வண்டியின் அடிச்சட்டகத்தில் பொறித்த அடையாள எண்ணும் பதிவுப் பத்திரத்திலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். அந்த எண்ணை வைத்து மாகாணத்தின் கடன் பிணைப் பதிவேட்டில் சிறு கட்டணத்துடன் தேடலாம். விற்பவர் கட்டாமல் விட்ட கடன் வண்டியோடு சேர்ந்து வரும். முழுக்காசும் கொடுத்த உங்களிடமிருந்தே கடன் கொடுத்தவர் வண்டியை எடுத்துச் செல்லலாம். எஞ்சினைத் திருத்தலாம், இந்த நட்டத்தைத் திருத்துவது கடினம்.

அடுத்தது வண்டி. நீங்கள் போய்ச் சேரும்வரை அதை ஸ்டார்ட் செய்யவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். சூடான எஞ்சின் குறையை மறைக்கும். ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நீலப்புகை வந்தால் ஒயில் எரிகிறது. காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் சேறு கிடந்தால் வண்டி தண்ணீரில் மூழ்கியிருக்கலாம். சில்லைப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பெயரிங் தேய்ந்திருக்கக்கூடும்.

கடைசியாகக் கணக்கு. செலவு விலையோடு முடியாது. பெயர் மாற்றும்போது 13% விற்பனை வரி, இலக்கத்தகடு, காப்புறுதி, தலைக்கவசம் எல்லாம் உண்டு. சொந்தக் காணிக்கு வெளியே காப்புறுதியின்றி ஓட்டுவது குற்றம்.

"பற்றுச்சீட்டில் விலையைக் குறைத்து எழுதுவோம்" என்று விற்பவர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது வரி ஏய்ப்பு, கையெழுத்து உங்களுடையது. பிறகு வழக்கென்று வந்தால், நீங்கள் கொடுத்த மிச்சக் காசுக்குச் சாட்சியும் இராது.