பாஸ்டனில் மூண்ட போர் கடலூருக்கு வந்த வழி

1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது யாருடைய சரக்கு என்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள். சென்னையில் ஜார்ஜ் கோட்டையைக் கட்டி உட்கார்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. சீனத்தில் வாங்கி, லண்டன் கிடங்குகளில் விலைபோகாமல் மலையாய்க் குவிந்து கிடந்த தேயிலை. 1770-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு கம்பெனி கடனில் தத்தளித்தது. அதைக் கைதூக்கிவிட பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. இடையில் இருந்த வியாபாரிகளை ஒதுக்கிவிட்டு, அமெரிக்கக் குடியேற்றங்களில் கம்பெனியே நேராகத் தேயிலை விற்கலாம் என்றது அந்தச் சட்டம். உள்ளூர் வியாபாரிக்கும், டச்சுத் தேயிலையைத் திருட்டுத்தனமாக இறக்கிப் பிழைத்தவனுக்கும் ஒன்றாக வயிற்றில் அடி விழுந்தது. வரி எதிர்ப்புக் கோபத்தோடு அந்த வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது.

ஆக, அமெரிக்க விடுதலைப் போர் பிறக்கும்போதே அதில் இந்திய இழை ஒன்று ஓடியது. பத்து ஆண்டு கழித்து அந்த இழை நம் கடலூர் வரை வந்து சேர்ந்தது.

1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனில் முதல் துப்பாக்கி வெடித்தபோது அது ஒரே மன்னரின் குடிகளுக்குள் நடந்த பங்காளிச் சண்டைதான். குடியேற்றத்தார் கையில் துப்பாக்கி இருந்தது. அதற்குப் போட வெடிமருந்து இல்லை. அந்த ஆகஸ்டில் ஜார்ஜ் வாஷிங்டன் கையிருப்பைக் கணக்கெடுக்கச் சொன்னார். ஆளுக்கு ஒன்பது முறை சுடுவதற்குக்கூடச் சரியாக வராத அளவே இருந்தது. அதைக் கேட்டு அரை மணி நேரம் அவர் வாய் திறக்கவில்லை என்று உடனிருந்த தளபதி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்.

வெடிமருந்துக்கு உயிர் வெடியுப்பு. அன்று உலகில் வெடியுப்பு ஏராளமாகக் கிடைத்த இடம் பிகார். பிளாசிப் போருக்குப் பிறகு அது ஆங்கிலேயர் பிடிக்குள் போயிற்று. பிரெஞ்சுக்காரர்களுக்கு வங்கத்து வெடியுப்பு எட்டாக்கனியானதும், தங்கள் நாட்டிலேயே உற்பத்தியைப் பெருக்க 1775-இல் ஒரு வெடிமருந்து நிர்வாகம் அமைத்தார்கள். அதன் நால்வரில் ஒருவர் லவாசியே. ஆக்சிஜனுக்குப் பெயர் வைத்த அதே வேதியியலாளர்தான். சில ஆண்டுகளில் பிரெஞ்சு மருந்து அளவிலும் தரத்திலும் உயர்ந்தது. போரின் தொடக்க ஆண்டுகளில் அமெரிக்கர்கள் சுட்ட மருந்தில் பெரும்பகுதி வெளியிலிருந்து, முக்கியமாகப் பிரான்சிலிருந்து வந்ததே. பிகாரை இழந்த ஏக்கம் பாரிசில் ஒரு தொழிலை வளர்த்து, அந்தத் தொழில் பாஸ்டன்காரன் துப்பாக்கியை நிரப்பியது.

பிரான்சுக்கு அமெரிக்கர் மேல் தனிப் பாசம் ஏதும் இருக்கவில்லை. ஏழாண்டுப் போரில் கனடா போயிற்று. 1761-இல் புதுச்சேரியை ஆங்கிலேயர்கள் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அந்தக் கணக்கைத் தீர்க்கக் காத்திருந்தார் வெளியுறவு அமைச்சர் வெர்ஷேன். ஆனால் வெளிப்படையாக உதவினால் உடனே போர் மூளும். அப்போது வந்து நின்றவர் போமார்ஷே. கடிகாரத் தொழிலாளியின் மகன், நாடகாசிரியர், அரசருக்காக ரகசிய வேலைகள் பார்த்தவர். ஸ்பானியப் பெயர் ஒன்றைக் கற்பனையில் உண்டாக்கி, ‘ரோட்ரிக் ஒர்த்தாலே கம்பெனி’ என்று பாரிசில் கடை திறந்தார். 1776 கோடையில் பிரெஞ்சு அரசு பத்து லட்சம் லிவர் கொடுத்தது. ஸ்பெயினும் அதே அளவு கொடுத்தது. பார்வைக்கு வியாபாரம், உள்ளே பீரங்கி, கூடாரம், கம்பளித் துணி, பிரெஞ்சுப் படை கழித்துப் போட்ட ஷார்ல்வில் துப்பாக்கிகள். அந்தத் துப்பாக்கி அமெரிக்கருக்கு அவ்வளவு பிடித்துப்போனது. பின்னாளில் ஸ்பிரிங்ஃபீல்டில் சொந்தத் தொழிற்சாலை தொடங்கியபோது, 1795-இல் அவர்கள் செய்த முதல் மாதிரி அதன் நகலே.

நாடகாசிரியரின் கடை ஒரு வழி என்றால், கரீபியனில் இருந்த சின்ட் யூஸ்டேஷஸ் என்ற டச்சுத் தீவு இன்னொரு வழி. உள்ளங்கை அளவு இடம். கரையோரம் முழுக்கக் கிடங்குகள். யாருக்கும் எதையும் விற்பார்கள். தேயிலைப் பெட்டி என்று எழுதியிருந்தாலும் உள்ளே மருந்து இருக்கலாம். 1776 நவம்பர் 16 அன்று அமெரிக்கக் கப்பல் ஒன்று கொடியோடு வந்து பீரங்கி முழக்க, தீவின் கோட்டையும் பதில் மரியாதைக்கு முழங்கியது. லண்டன் அதை மறக்கவில்லை. 1780 டிசம்பரில் டச்சுக்காரர்கள் மேல் போர் அறிவித்தது. இரண்டு மாதத்தில் ஆங்கிலத் தளபதி ரோட்னியின் கப்பற்படை அந்தத் தீவைச் சூறையாடியது. அதே அறிவிப்பு நம் பக்கம் டச்சுக்காரர் கையில் இருந்த நாகப்பட்டினத்தை 1781 நவம்பரிலும், திருகோணமலையை 1782 ஜனவரியிலும் ஆங்கிலேயர் பிடிக்க வழிவிட்டது. கரீபியன் வியாபாரிகளின் பேராசைக்கு நாகப்பட்டினம் விலை கொடுத்தது என்றால் மிகையில்லை.

நான் கதையில் கொஞ்சம் முந்திவிட்டேன். பங்காளிச் சண்டை இரு வல்லரசுகளின் போராக மாறிய நாள் 1778 பிப்ரவரி 6. முந்தைய அக்டோபரில் சரட்டோகாவில் ஆங்கிலத் தளபதி பர்கோய்ன் படையோடு சரணடைந்திருந்தார். இனி இந்தக் குதிரை மேல் பணம் கட்டலாம் என்று பிரான்ஸ் துணிந்து, பெஞ்சமின் பிராங்க்ளின் குழுவோடு உடன்படிக்கை செய்தது. ஜூன் 17 அன்று பிரெத்தாஞ்ஞே கரைக்கு அப்பால் ‘பெல் பூல்’ என்ற பிரெஞ்சுக் கப்பலும் ‘அரெத்யூசா’ என்ற ஆங்கிலக் கப்பலும் மோதிக்கொண்டன. பாரிஸ் சீமாட்டிகள் பாய்மரத்தோடு கூடிய கப்பல் பொம்மையைக் கொண்டைமேல் சூட்டிக்கொண்டு அந்தச் சண்டையைக் கொண்டாடினார்கள். அதற்கு அடுத்த ஆண்டு ஸ்பெயினும் போருக்குள் வந்தது; அதன் கண் அமெரிக்கா மேல் இல்லை, ஜிப்ரால்டர் மேல்.

போர்ச் செய்தி கம்பெனியின் தரைவழித் தபாலில் விரைந்து இந்தியா வந்தது. 1778 ஜூலையிலேயே கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் பிரெஞ்சுக்காரரின் சந்திரநாகூரைப் பிடித்துவிட்டார். ஆகஸ்டில் ஹெக்டர் மன்றோ புதுச்சேரியை முற்றுகையிட்டார். இரண்டு மாதம் தாக்குப்பிடித்த ஆளுநர் பெல்கோம் அக்டோபரில் பணிந்தார். மீண்டும் எழுப்பிய மதில்கள் மீண்டும் இடிந்தன. 1779 மார்ச்சில் மலபார் கரையின் மாகி விழுந்தது. அங்கேதான் கம்பெனி தவறு செய்தது. மாகி, மைசூரின் ஹைதர் அலிக்கு ஆயுதம் இறங்கும் துறை. தன் பாதுகாப்பில் உள்ள இடம் என்று அவர் எச்சரித்தும் இருந்தார். 1780 ஜூலையில் ஹைதர் கணவாய்களைக் கடந்து அன்று கர்நாடிக் எனப்பட்ட தமிழ்ச் சமவெளிக்குள் இறங்கினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில், பெய்லி தலைமையில் வந்த கம்பெனிப் படை அழிந்தது. மைசூர் ராக்கெட்டுகளுக்கு நடுவே மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறிய அந்தக் காட்சியை ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தவுலத் மாளிகைச் சுவரில் இன்றும் பார்க்கலாம்.

இந்தக் கதையில் என்னை அதிகம் வியக்கவைப்பது ஒரே நாள்தான்: 1781 மார்ச் 22. பிரான்சின் பிரெஸ்ட் துறையிலிருந்து ஒரு பெரும் கப்பற்படை கிளம்பியது. சில நாள் சேர்ந்து போய், நடுக்கடலில் இரண்டாகப் பிரிந்தது. பெரிய பகுதி த கிராஸ் தலைமையில் மேற்கே போய், செப்டம்பரில் செசபீக் விரிகுடாவை அடைத்தது. யார்க்டவுனில் ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ் மாட்டிக்கொண்டு அக்டோபர் 19 அன்று சரணடைந்தார். அமெரிக்க விடுதலையை உறுதிசெய்த அந்தச் செசபீக் கடற்சண்டையில் ஒரு அமெரிக்கக் கப்பல்கூட இல்லை. சின்னப் பகுதி, ஐந்து போர்க்கப்பல், சுஃப்ரேன் தலைமையில் தெற்கே திரும்பி நம் கடலுக்கு வந்தது.

சுஃப்ரேன் பருத்த உடம்புக்காரர், முரட்டுக் குணம். 1782 பிப்ரவரியிலிருந்து செப்டம்பருக்குள் சதுரங்கப்பட்டினம், இலங்கைக் கிழக்குக் கரை, நாகப்பட்டினம், திருகோணமலை என்று ஆங்கிலத் தளபதி ஹியூஸோடு நான்கு முறை மோதினார். சோழமண்டலக் கரையில் ஐப்பசி கார்த்திகைப் புயலுக்கு ஒதுங்க ஒரு இயற்கைத் துறைமுகம் கிடையாது. அதனால்தான் இருவர் கண்ணும் திருகோணமலை மேல். ஆகஸ்ட் கடைசியில் சுஃப்ரேன் அதைப் பிடித்தே விட்டார். அதற்கு ஒரு மாதம் முன்பு கடலூர் அருகே ஹைதரைச் சந்தித்துப் பேசினார்.

உலகின் மறுகோடியில் ஹைதரின் புகழ் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் கப்பல் ஒன்றுக்கு ‘ஹைதர் அலி’ என்றே பெயரிட்டார்கள். 1782 ஏப்ரல் 8 அன்று டெலவேர் விரிகுடாவில் அது ‘ஜெனரல் மங்க்’ என்ற ஆங்கிலப் போர்க்கப்பலைப் பிடித்தது. அந்த ஆங்கிலக் கப்பலின் பழைய பெயர் ‘ஜெனரல் வாஷிங்டன்’. அமெரிக்கரிடமிருந்து ஆங்கிலேயர் பறித்தது. வாஷிங்டனை ஹைதர் அலி மீட்டார்!

உண்மை ஹைதர் அந்த டிசம்பரில் சித்தூர் அருகே பாசறையில் இறந்தார். முதுமையில் இந்தியாவுக்குத் திரும்பி வந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, 1783 மார்ச்சில் படையோடு இறங்கிக் கடலூருக்குள் புகுந்தார். ஜூனில் ஆங்கிலத் தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அவரை முற்றுகையிட்டார். ஜூன் 13 தாக்குதலில் மட்டும் ஆங்கிலேயர் தரப்பில் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக ஆயிரம் பேருக்கு மேல். இரு பக்கமும் வரிசையில் நின்றவர்களில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். 20-ஆம் தேதி கடலில் சுஃப்ரேனும் ஹியூஸும் ஐந்தாம் முறை மோதினார்கள்; ஸ்கர்வி நோயில் மாலுமிகளை இழந்திருந்த ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். 25-ஆம் தேதி புஸ்ஸியின் ஆட்கள் மதிலுக்கு வெளியே வந்து தாக்கித் தோற்றார்கள். 29-ஆம் தேதி வெள்ளைக் கொடியோடு ‘மெடியா’ என்ற கப்பல் வந்தது. பிரான்சும் பிரிட்டனும் ஜனவரி 20-ஆம் தேதியே வெர்சாயில் சமாதானத்துக்குக் கையெழுத்திட்டுவிட்டன என்று அது சொன்னது. போர்ச் செய்தி சில மாதத்தில் வந்தது. சமாதானச் செய்திக்கு ஐந்து மாதத்துக்கும் மேல் ஆயிற்று. அந்த இடைவெளியில் கடலூர் மண்ணில் விழுந்தவர்கள் இந்தப் போரில் கடைசியாகச் செத்தவர்களில் சேர்வார்கள். அவர்களில் எத்தனை பேர் பாஸ்டன் என்ற ஊரின் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

கணக்கு முடிக்கும்போது பெரியவர்கள் பெரும்பாலும் பழைய இடத்துக்கே வந்தார்கள். புதுச்சேரி பிரான்சுக்கு, திருகோணமலை டச்சுக்காரருக்கு; நாகப்பட்டினம் மட்டும் ஆங்கிலேயரிடமே தங்கிவிட்டது. பிரான்ஸ் நூறு கோடி லிவருக்கு மேல் செலவழித்து, அந்தக் கடனோடு 1789 புரட்சிக்குள் விழுந்தது. யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ் ஐந்தே ஆண்டில் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் இறங்கி, 1792-இல் ஹைதரின் மகன் திப்புவின் நாட்டில் பாதியைப் பிடுங்கினார்.

சென்னையைச் சுற்றிய கிராமங்களுக்கு இந்தப் போர் பஞ்சமாக வந்தது. ஹைதரின் குதிரைப்படை எரித்த வயல்கள், கம்பெனி தூக்கிப்போன தானியம், ஓடிப்போன உழவர்கள். 1782-இல் பசித்த கூட்டம் சென்னை நோக்கி நடந்தது. வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற, நகரின் வடபுறத்தில் ஒரு இடம் உண்டாயிற்று. அது மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. சத்திரத்தோடு நோயாளிகளைப் பார்க்க ஒரு மருத்துவமனையும் வளர்ந்தது. அதுதான் இன்றைய ஸ்டான்லி அரசு மருத்துவமனை. வடசென்னைப் பெரியவர்கள் இன்றும் ஆட்டோவில் ஏறி ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்கிறார்கள்.