லயத்து உடம்பு

இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டங்களில் தராசு இருந்தது கொழுந்துக்கு. எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. அந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் தவறியதில்லை. கொழுந்து எடுத்தவளின் உடம்பை நிறுக்கும் வழக்கம் வெகு பின்னால்தான் வந்தது. ராகலைப் பக்கம் மருத்துவிச்சியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிறந்த பிள்ளை 2.5 கிலோவுக்குக் கீழே நிற்பது எனக்குப் புதினமில்லை. அதே லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், சுள்ளி மாதிரி இருந்த பெண்கள் நாற்பது தாண்டியதும் சீனி வருத்தத்தோடு வந்ததுதான் புதினம். “குண்டானவங்களுக்குத்தானே மிஸ் அது வரும்?” என்று கேட்பார்கள்.

விடை தேட நம் சாப்பாட்டின் வரலாற்றுக்குப் போக வேண்டும். 1927ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி வகுத்தபோது ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு அதிலும் குறைந்த ஒன்று என்றே வகுத்தது. சமமான கூலி வந்தது 1984இல். வீட்டிலும் ஆம்பிளைகளும் பிள்ளைகளும் சாப்பிட்ட பிறகுதான் அவளுக்கு. ரொட்டி, சம்பல், பிளேன்டி: வயிறு நிரம்பும், தசைக்கு வேண்டிய புரதம் அதில் சொற்பம். 1973, 74 பஞ்சத்தில் அந்த ரொட்டிக்கும் தட்டுப்பாடு. தோட்டங்களில் சாவு கூடியது. அப்போது கருவில் இருந்தவர்களுக்கு இன்று ஐம்பது தாண்டிவிட்டது.

கருவில் பட்ட பட்டினி பிறகும் உடம்பை விடாது என்று ஒல்லாந்தில் கண்டிருக்கிறார்கள். 1944–45 குளிர்காலப் பஞ்சத்தின்போது வயிற்றிலிருந்த பிள்ளைகள் ஐம்பது வயதை எட்டியபோது, அவர்களுடைய உடம்பு சீனியைக் கையாளத் திணறியது. நமக்கு இன்னும் கிட்டிய சாட்சி புனேயில் இருக்கிறது. மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் அங்கே கிராமத்துப் பிள்ளைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பிள்ளைகளோடு ஒப்பிட்டார். பிறந்தபோது சராசரி எடை சவுத்தாம்டனில் 3.5 கிலோ, புனேயில் 2.7. குறைந்தது பெரும்பாலும் தசை. தோலுக்கடியிலிருந்த கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. 2004இல் அவரும் லண்டன் மருத்துவர் ஜோன் யுட்கினும் தங்கள் உடம்பையே அளந்து காட்டினார்கள். உயரத்துக்கான எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2.

இரத்தத்திலுள்ள சீனியில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. அது குறைவென்றால் சீனிக்குப் போக்கிடமும் குறைவு. ஒரே எடையிலும் ஆணைவிடப் பெண்ணுக்குக் கொழுப்பு அதிகம். அது பெரும்பாலும் பிட்டத்திலும் தொடையிலும் இருக்கும்வரை கெடுதி குறைவு. மாதவிடாய் நின்றபின் வயிற்றுக்கு ஏறுகிறது. வயது போகப் போகத் தசையும் கரைகிறது. ஐம்பத்தைந்தில் கூடையை இறக்கி வைத்தவளுக்கு இந்த இரண்டும் ஒன்றாக வரும். இதில் பரம்பரைக்கு எவ்வளவு பங்கு, பட்டினிக்கு எவ்வளவு என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். தோட்டத்தில் இரண்டும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தன.

ஆசியருக்கு எடைக் குறியீடு 23ஐத் தாண்டும்போதே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. கிளினிக்கில் நான் அதைவிட நம்பியது அளவு நாடாவை. இடுப்புச் சுற்று பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர், ஆணுக்கு 90 தாண்டினால், ஆள் எவ்வளவு ஒல்லி என்றாலும் இரத்தம் பார்க்க அனுப்புவேன். தாய்மாருக்குத் திரிபோஷா என்ற சத்துமா கொடுப்பது நல்லதுதான், ஆனால் அது பிந்திய வைத்தியம். பள்ளிக்கூடம் போகும் பொம்பளைப் பிள்ளைக்கு முட்டையும் பருப்பும் நெத்தலியும் அண்ணன் தம்பிக்குச் சமமாக, அவர்களோடு ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும்; அவள் பெறப்போகும் பிள்ளையின் தசைக்கு அப்போதே அத்திவாரம் போட்டாகிறது.