கல்லாதல் விதி உரை

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் வகுத்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில், கல்லாதலினின்று தப்புதற்கெனத் தனிப் பகடை வீச்சு தொடக்கத்திலேயே ஓதப்பட்டது. ஈண்டு எடுத்துக்கொண்டது, 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டுப் பின்னிணைப்பில் உள்ள விதி. அதன் தொடர்களைக் கருத்துப்பட நம் சொல்லிற் கூறிப் பொருளுரைப்பாம்.

உயிரும், அது அணிந்ததும் ஏந்தியதுமாகிய மந்திரமற்ற பொருளும் உயிர்ப்பற்ற திண்பொருளாம். பெரும்பாலும் கல்லாம் என்பது முதல் தொடர்.

'அணிந்ததும் ஏந்தியதும்' எனவே, கவசமும் கைவிளக்கும் கல்லாம். காலடியில் இறக்கிவைத்த மூட்டை ஆகாது என்பது பெற்றாம். 'மந்திரமற்ற' என்னும் அடை பிறிதினியைபு நீக்கியது. ஆகவே கல்விரல்களுக்கிடையே மந்திரவாள் இரும்பாகவே மின்னும். 'பெரும்பாலும்' என்றது, படிகமும் உலோகமும் கொள்ள ஆட்ட நடத்துநர்க்கு இடந்தந்தது.

'உயிர்' என்னும் சொல்லே இவ்விதியின் உயிர்நாடி. கல்லான பின்னரும், வரும் தொடர்தோறும் விதி அதனை 'உயிர்' என்றே சுட்டும். ஓரிடத்தும் 'பொருள்' எனச் சுட்டிற்றிலது. கற்போர் இதனை நெஞ்சிற் பதித்துக்கொள்க. மெடூசாவின் குகைவாயிலில் நிற்பன சிலையல்ல. மீளக் காத்திருப்போர் என்பதே ஆசிரியர் கருத்தாம்.

எடை பத்து மடங்காம், மூப்பு நின்றுபோம்.

180 பவுண்டு எடையுள்ள வீரன் 1800 பவுண்டாவான். வலிமை 20 உடைய மானிடன் ஒருவன் இழுக்கவல்லது 600 பவுண்டே ஆகலின், அத்தகையார் மூவர் கூடினால் அன்றி அவனைப் பெயர்த்தல் இயலாது. தோழனை இருளில் விட்டு மருந்து தேடிப் போவதா, இழுத்தே போவதா என்னும் இடர் முழுதும் இவ்வோர் எண்ணுள் அடங்கிற்று. 'மூப்பு நின்றுபோம்' என்றது, நூறாண்டு கழிந்து மீண்டவன் கல்லான அன்றை அகவையனே என்றவாறு. அவன் பேரன் அவனினும் முதியவனாதலும் கூடும்.

செயலறும், அசையாது, பேசாது, சூழலை உணராது.

செயலறுதலுள் அசைவின்மை அடங்காதோ எனின், அடங்காது. இந்நூலிற் செயலறுதலாவது செயலும் எதிர்வினையும் இழத்தலே; கால்நடை அதனால் தடைப்படாது. ஆகலின் 'அசையாது' என வேறு கூறினார். 'உணராது' என்றது அருளுடைமை பற்றியென்க. உணர்வோடு நூறாண்டு நிற்றலினும் கொடிது பிறிதில்லை.

அதனை எதிர்த்து வீசுவோன் இரு பகடை உருட்டி உயர்ந்ததைக் கொள்வான். வலிமை, சுறுசுறுப்பு பற்றிய தற்காப்பு வீச்சுகளில் அது தானே தோற்கும் என்பன வெளிப்படை. இரண்டே கூறினமையின் ஏனை நான்கும் உள என்க.

எல்லாச் சேதமும் பாதியாம்.

எளிதிற் படும் எனப்பட்டது எளிதில் உடையாமையும் ஈண்டுக் கூறினார். உடைந்தால் என்னாம் எனின், அதனை 'ஃபிளெஷ் டு ஸ்டோன்' என்னும் மந்திரத்துட் காண்க: கல்லாய் நின்றபோது சிதைந்த உறுப்பு, மீண்ட பின்னும் அச்சிதைவோடே இருக்கும். மந்திரவாளை உருவும் தோழர் விரலை முறித்தால், மீள்பவனுக்கு அவ்விரல் இல்லை.

நஞ்சும் நோயும் தாக்கா. முன்னரே உட்புகுந்தவை நிறுத்தப்படும், நீக்கப்படா.

'முன்னரே' என்பது காலங்குறித்தது. 'நிறுத்தப்படும்' என்றமையும் 'நீக்கப்படா' என்று மறுத்ததும் கூறியது கூறலாகுமோ எனின், ஆகாது. நின்றது தீர்ந்தது என மயங்குவார் உளராகலின், அம்மயக்கம் களைதற்கு மறுத்தும் ஓதினார். கல் மருந்தன்று. 'கிரேட்டர் ரெஸ்டொரேஷன்' என்னும் மந்திரத்துக்கு 100 பொற்காசு பெறும் வைரத்தூள் வேண்டும். அதைச் செலவிட்டுக் கல்லை நீக்கிய கணமே பழைய நஞ்சு குருதியில் ஓடத் தொடங்கும். நஞ்சுமுறி கையில் இல்லார் வைரத்தூளைத் தொடாது பொறுத்தல் வேண்டும். கொத்திக் கல்லாக்கும் காக்கட்ரைஸ் என்னும் விலங்கு கொத்தியவர்க்கோ அப்பொறுத்தலும் இயலாது. அக்கல் 24 மணி நேரத்தில் தானே மீளும். முறிமருந்து தேடுவார் அதற்குள் வந்துசேர்தல் வேண்டும்.